கொட்டாஞ்சேனை விமானமும் பாதி மீசையும்

கொட்டாஞ்சேனையில் ஒரு சலூன்காரர் ஒரு கிழமை, ஏழு நாளும், என்னோடு கதைக்கவில்லை. காரணம், ஒரு விமானத்தின் பின் கழிவறை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் எழுதச் சொல்லிக் கேட்டது வேறு என்று தெரியும். பற்றரி சூடேறினால் முதலில் எதைச் செய்வது, ஜெனரேட்டர் தடுமாறினால் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. வாசிக்கப் பஞ்சிப்பட்டுக்கொண்டு என்னிடம் வரவேண்டாம். கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எழுதும்போது எனக்கே இரண்டு தரம் சிரிப்பு வந்தது. பிறகு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதினேன்.

அப்போது எங்கள் கந்தோர் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது. பதினொரு பேர் வேலை செய்தோம். கீழே கல்யாணக் கூறைக்கு விலை பேசுவார்கள், மேலே நாங்கள் விமானத்துக்கு மென்பொருள் எழுதுவோம். பத்தொன்பது பேர் ஏறக்கூடிய சின்னப் பயணிகள் விமானம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று செய்தது. அதன் விசிறிகளைச் சுற்றுவது மின்சார மோட்டர்கள். மோட்டர்களுக்கு மின்சாரம் இரண்டு இடத்திலிருந்து வரும்: எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்று, பெரிய பற்றரி ஒன்று. மேலெழும்பும்போது இரண்டும் சேர்ந்து தள்ளவேண்டும். இடையில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் பற்றரி தனியே தாங்கவேண்டும்.

யாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று தீர்மானிக்க ஒரு பெட்டி இருந்தது. பங்கீட்டுப் பெட்டி என்று நாங்கள் சொல்வோம். ஜெனரேட்டர் நின்றதும் அது கண் இமைக்கும் நேரத்தில் பயணிகள் பக்கத்து மின்சாரத்தையெல்லாம் வெட்டி, முழுவதையும் மோட்டருக்குக் கொடுக்கும். ஜெனரேட்டர் திரும்பி வந்ததும் வெட்டியதைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்குள் இருந்த மூளை எங்களுடையது. அதைப் பரிசோதிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் கையெழுத்து வைத்தால் ஆறு கிழமையில் ஒரு மனிதர் அந்த விமானத்தில் ஏறி, அதை முதன்முதலாக மேலே எழுப்புவார். பெட்டி பிழைவிட்டால் அவர் பிழைக்கமாட்டார். இது எங்கள் பதினொரு பேருக்கும் தெரியும், தெரியாது என்று ஒருவரும் சொல்லமுடியாது.

பரிசோதனைக்கு வெள்ளவத்தையில் இடம் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மிளகு ஸ்டோர்ஸை, பெரிய கிடங்கு ஒன்றை, வாடகைக்கு எடுத்தோம். பற்றரி, ஜெனரேட்டர், மோட்டர்கள், பெட்டி எல்லாம் அங்கே. பயணிகள் பக்கத்துக்கு உண்மையான விமான அடுப்பும் குளிரூட்டியும் வாங்க எங்களுக்கு வழியில்லை. மருதானையில் வாங்கிய ஹீட்டர்களை வரிசையாகச் சுவரில் பூட்டி, ஒவ்வொரு பிளக்குக்கு மேலும் அதன் விமானப் பெயரை ஆங்கிலத்தில் ஒட்டினோம். முன் சமையலறை, பயணிகள் விளக்கு, பின் கழிவறை வெந்நீர், இப்படி. அதாவது தினமும் அவ்வளவு மின்சாரத்தையும் சும்மா சூடாக்கி வீணாக்கினோம். உள்ளே நின்றால் மிளகு வாசத்தோடு அவிந்து போவோம்.

இது நடந்தது மின்வெட்டுக் காலத்தில். எங்கள் ஒழுங்கை, அந்தச் சந்து, முழுக்க இருட்டு, வேர்வை, முணுமுணுப்பு. எங்கள் ஸ்டோர்ஸ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், எதிர்ப்பக்கத்து மாடியில் கணக்கு டியூஷன் நடத்தும் மங்களா டீச்சர் படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

"பிள்ளையள் வேர்த்து விறுவிறுத்துப் போய் இருக்குதுகள். நீங்கள் இஞ்ச கரண்டை எரிச்சுச் சாம்பலாக்கிறியள். இது எந்த ஊர் நியாயம்?"

டீச்சருக்குப் பின்னாலேயே ரஹீம் ஹாஜியார் வந்தார். வட்டிலப்பமும் ஐஸ்கிரீமும் விற்பவர். "மிஸ், நீங்களே சொல்லுங்க. சாமான் எல்லாம் உருகிப் போகுது. ஒரு வயர் மட்டும் தாங்க. ஒரே ஒரு வயர்."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். நான் முப்பது வருடம் படித்த படிப்பும் பார்த்த வேலையும் ஒரு பக்கம். வாசலில் நின்று ஒரு வயர் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் மறு பக்கம். எங்கள் ஊரில் இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆளை நான் இன்னும் காணவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. ஹீட்டர் எடுத்தால் என்ன, ஹாஜியார் எடுத்தால் என்ன, மின்சாரம் போனால் சரி என்று நினைத்தேன். ஹீட்டரைக் கழற்றினேன். ஹாஜியாரின் பிரிஜ் முன் சமையலறை ஆயிற்று. டீச்சரின் வகுப்பு, விளக்கும் மின்விசிறியுமாகப் பயணிகள் விளக்கு ஆயிற்று. அடுத்த நாள் சலூன் செல்வராஜ் அண்ணன் வந்தார். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிளக். சலூன் ஏசியையும் லைட்டையும் அதில் கொழுவினோம்.

அந்தப் பிளக்கின் பெயரை மங்களா டீச்சர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து, மொழிபெயர்த்தும் சொல்லிவிட்டார்.

"மிஸ்," என்றார் செல்வராஜ் அண்ணன், "ஹாஜியார் சமையலறை, டீச்சர் லைட்டு, நான் மட்டும் கக்கூஸா?"

"அது சும்மா பெயர்தான் அண்ணன்."

"சும்மா பேருன்னா அவருக்கு வைங்க பாப்போம்."

அதைவிட மோசம், பட்டியலில் பின் கழிவறையைத்தான் பெட்டி முதலில் வெட்டும். ஒவ்வொரு நாளும் ஜெனரேட்டரை நிறுத்திப் பார்க்கும்போது முதலில் அவருடைய சலூன்தான் இருளும். அப்போதுதான் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். வெட்டியது பெட்டி என்று சொன்னால், பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று டீச்சர் மூலம் கேட்டு அனுப்பினார்.

கடைசியில் மிளகு மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து கூட்டம் வைத்தோம். ஹாஜியார் பால் விடாத பிளேன்டீ கொண்டு வந்தார். ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். பயணிகளுக்குச் சாப்பாடு முக்கியமா, வெளிச்சம் முக்கியமா என்று ஹாஜியாரும் டீச்சரும். சாப்பிட்டவன் பிறகு எங்கே போவான் என்று செல்வராஜ் அண்ணன். ஹாஜியார் எல்லாருக்கும் இன்னொரு தரம் பிளேன்டீ ஊற்றினார். முடிவாக, கிழமைக்கு ஒரு தடவை வரிசையை மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. நான் ஒத்துக்கொண்டேன். ஒரு விமானத்தில் எதை முதலில் வெட்டுவது என்ற பட்டியலை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சலூன்காரரின் மனம் நோகாதபடி மாற்றி எழுதினேன். என் வேலைவாழ்க்கையில் இதைப் போல ஒழுங்காகக் கூட்டக் குறிப்பு எழுதிய கூட்டம் வேறில்லை.

அதன்பின் ஒழுங்கை முழுவதும் விமானத்தில் பறந்தது. "இண்டைக்குப் பிளேன் எத்தனை மணிக்கு எழும்பும்?" என்று டீச்சர் கேட்டு, அதற்கேற்ப வகுப்பு வைப்பார். ஹாஜியார் நாங்கள் மோட்டரை முடுக்கும்போது பிஸ்மி சொல்வார். செல்வராஜ் அண்ணன், மேலெழும்பும் நேரத்தில் சவரம் வைத்துக்கொள்ளமாட்டார். எங்கள் மனேஜர் குகதாசன் சேருக்கு இதெல்லாம் தெரியும். வாரத்தில் ஒரு நாள் வருவார், வட்டிலப்பம் சாப்பிடுவார், கண்ணை மூடிக்கொள்வார்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வரும் நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டு நாள் முந்தி, புதன்கிழமை பின்னேரம், வழக்கம்போல மோட்டரை முழு வேகத்துக்கு ஏற்றி ஜெனரேட்டரை நிறுத்தினேன். பெட்டி எல்லாரையும் வெட்டியது. ஜெனரேட்டரைத் திருப்பிப் போட்டேன். பெட்டி எல்லாரையும் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவுதான். மோட்டர்கள் இரண்டும் நின்றன. ஸ்டோர்ஸ் இருண்டது. திரையில் பற்றரிக் கோளாறு என்று ஒரு வரி. பதினொரு செக்கன் கழித்து எல்லாம் தானாக உயிர் பெற்றது.

ஏன் என்று எனக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. ஹீட்டர் சாதுவானது, போட்டால் மெதுவாகச் சுடும். பிரிஜும் ஏசியும் அப்படியல்ல. கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும். அன்று எல்லாம் ஒரே கணத்தில் கிளம்பியதில் மின்னழுத்தம் சரிந்தது. பெட்டி அதைப் பற்றரியின் கோளாறு என்று எண்ணிப் பற்றரியையே கழற்றிவிட்டது; அப்போதுதான் திரும்பி வந்த ஜெனரேட்டரால் தனியே தாங்கமுடியவில்லை. அதுவரை அப்படி நடக்காதது, பெட்டி மின்சாரம் கொடுத்த கணத்தில் ஏதாவது ஒன்று குளிர்ந்து ஓய்ந்திருந்ததால்தான்.

குகதாசன் சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஹீட்டரோட ஒருக்காலும் நிண்டதோ?"

"இல்லை சேர்."

"விமானத்தில ஹாஜியாற்ற பிரிஜ் இருக்கோ?"

"இல்லை சேர்."

"பிறகென்னப்பா. வெள்ளிக்கிழமை ஹீட்டரைப் பூட்டும். நீர் என்ன சொல்லுறீர்?"

அவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை சரிவராவிட்டால் பதினொரு பேரும் வீட்டுக்குப் போகவேண்டும். அது அவருடைய தலைவலி. அவர் என்னைக் கேட்டார், நான் "சரி சேர்" என்றேன். விமானத்தில் ஹாஜியாரின் பிரிஜ் இல்லைத்தான். ஆனால் அதிலும் குளிரூட்டி இருக்கிறது, பம்புகள் இருக்கின்றன. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பரிசோதனைக் குறிப்புப் புத்தகத்தில் புதன்கிழமைப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்று வயரையும் கழற்றி, ஹீட்டர்களைப் பூட்டினேன். ஒன்பது மணிக்குக் குகதாசன் சேர் பரிசோதனைச் சான்றுத் தாளை நீட்டினார். பரிசோதனைக் காலம் முழுவதிலும் காரணம் தெரியாத நிறுத்தம் எதுவும் நிகழவில்லை என்று அதில் இருந்தது. எனக்குத்தான் காரணம் தெரியுமே என்று ஒரு சமாதானம் மனதுக்குள் வந்தது. எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள். கையெழுத்து வைத்தேன். அவர் அதை ஒரு பைல் கோவைக்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கோட் போட்டவர்கள். மூன்றாமவர் ஒரு பழைய சேட்டும் செருப்புமாக வந்தார். உயரமான மனிதர், மிளகு வாசத்துக்கு இரண்டு தரம் தும்மினார். அவர்தான் விமானத்தை ஓட்டப்போகிற கப்டன். வெளியே கரண்ட் போயிருந்தது. ஹாஜியார், வயர் கழற்றிய கோபத்தையும் மறந்து, விருந்தாளிகளுக்கு வட்டிலப்பம் அனுப்பியிருந்தார்.

பரிசோதனை தேன் மாதிரிப் போயிற்று. நிறுத்தினோம், வெட்டியது. போட்டோம், கொடுத்தது. மோட்டர் இம்மியும் அசையவில்லை. கோட்காரர்கள் கைதட்டினார்கள். கப்டன் இரண்டாவது கிண்ணம் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, இதை எப்படிச் செய்வது, வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கலாமா என்று கேட்டார். அதற்கு வேண்டிய கித்துள் கருப்பட்டி அவருடைய ஊரில் கிடைக்காதே என்று நான் கவலைப்பட்டேன். அந்த நேரத்தில் நான் கவலைப்பட்டது அதற்குத்தான்.

அப்போதுதான் செல்வராஜ் அண்ணன் உள்ளே வந்தார். சட்டைப் பையில் சீப்பு, தோளில் துண்டு. பின்னால் ஒரு மனிதர், முகத்தின் கீழ்ப்பாதியைக் கைலேஞ்சியால் மூடியிருந்தார்.

"மிஸ், மன்னிச்சுக்கங்க. எனக்கு ஒரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம் அண்ணன்? பிறகு வாங்கோ."

"பிறகு முடியாது. ஞாயித்துக்கிழமை இவரு தம்பிக்குக் கல்யாணம். இவரு மீசை போனது என் கைத்தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. முப்பது வருஷமா கத்தி புடிக்கிறேன் மிஸ். புதன்கிழமை லைட்டு திரும்பி வந்துச்சுன்னு கத்திய வச்சேன், உடனே பிளேன் செத்துப்போச்சுல்ல, அந்த இருட்டுல கத்தி வழுக்கிருச்சு. அதை நீங்க கம்பனி கடுதாசில எழுதி சீல் வச்சுத் தரணும்."

கப்டன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இவர் என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்தத் திட்டத்தால் ஊர் மக்கள் பெருமைப்படுகிறார்களாம்," என்றார் குகதாசன் சேர்.

"அந்தக் கைலேஞ்சிக்காரர்?"

"மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்."

உணர்ச்சிவசப்பட்டவர் அந்த நேரம் பார்த்துக் கைலேஞ்சியை இறக்கினார். வலப்பக்கம் கறுகறுவென்று நல்ல மீசை. இடப்பக்கம் மொட்டை. இரண்டு நாளாகச் சாட்சிக்கென்று அப்படியே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். கோட்காரர்களில் ஒருவர் இருமத் தொடங்கினார்.

கப்டன் சிரிக்கவில்லை. செல்வராஜ் அண்ணனைத்தான் பார்த்தார். செல்வராஜ் அண்ணனுக்கு, தன்னை யாரோ கடைசியில் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் உற்சாகம் வந்துவிட்டது. கையை விசிறி மாதிரிச் சுழற்றிக் காட்டினார். பிறகு சடாரென்று நிறுத்தினார். மேலே விளக்கைக் காட்டிக் கண்ணை மூடினார். பிறகு கன்னத்தில் கத்தி வழுக்குவதைக் காட்டினார். ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் ஒரு விபத்து அறிக்கை முழுவதையும் சொல்லி முடித்தார்.

கப்டன் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இவர் என்ன சொல்கிறார்?"

பிள்ளைகளே, அந்த நேரத்தில் மனதில் என்னென்ன ஓடும் என்று நினைப்பீர்கள். உண்மை, கடமை, ஒரு மனிதனின் உயிர். ஒன்றும் ஓடவில்லை. பாதி மீசைக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். குகதாசன் சேர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று. கந்தோரில் இருக்கும் மற்ற ஒன்பது பேரின் முகமும் வந்தது. பொய் சொல்ல எனக்கு ஆயத்தம் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் பொய் சொல்ல வேண்டுமென்றால் செல்வராஜ் அண்ணனுக்கு முன்னால், அவர் கையால்தான் மீசை போனது என்று ஆக்கவேண்டும். ஏற்கெனவே அந்த மனிதரைக் கழிவறை ஆக்கியவள் நான். இதையும் செய்ய என்னால் முடியவில்லை.

"புதன்கிழமை எல்லாம் நின்றது," என்றேன். "மோட்டர் இரண்டும். பதினொரு செக்கன். இவருடைய சலூன் எங்கள் விமானத்தின் பின் கழிவறை."

மற்றக் கோட்காரரும் இருமத் தொடங்கினார். முழுவதையும் சொன்னேன். பிரிஜ், டியூஷன், கூட்டம், திங்கட்கிழமைப் பட்டியல், எல்லாம். முடிந்ததும் கப்டன் ஒன்று மட்டும் சொன்னார்.

"எல்லாரையும் திருப்பிக் கொழுவுங்கள்."

ஹாஜியாருக்கும் டீச்சருக்கும் ஆள் அனுப்பினோம். பத்து நிமிடத்தில் மூன்று வயரும் வந்தன. ஹாஜியார் இந்த முறை விருந்தாளிகளுக்கு நல்ல வரவேற்பு என்று நினைத்து, கடையிலிருந்த இரண்டாவது பிரிஜையும் சேர்த்துக் கொழுவியிருந்தார். மோட்டரை ஏற்றினோம். நிறுத்தினேன், வெட்டியது. போட்டேன், கொடுத்தது.

ஸ்டோர்ஸ் இருண்டது. மோட்டர்களின் சத்தம் இறங்கி இறங்கி இல்லாமல் போயிற்று. அந்த இருட்டில் கப்டனின் குரல் கேட்டது. நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு என்றதும், "இங்கே எனக்கு ஓடுபாதை முடிகிறது," என்றார். பிறகும் எண்ணினார். ஏழு. எட்டு. வெளியிலிருந்து ஹாஜியார் கூப்பிட்டார்.

"மிஸ், பிளேன் விழுந்துட்டா?"

ஒன்பது. பத்து. பதினொன்றில் வெளிச்சம் வந்தது. கப்டன் எண்ணத் தொடங்கிய அதே இடத்தில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

பிறகு அவர் குகதாசன் சேரின் கக்கத்தைக் காட்டி, அந்தக் கோவையைத் தரமுடியுமா என்று கேட்டார். சேர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கப்டன் தாளை எடுத்து மேலிருந்து கீழ் வரை மெதுவாக வாசித்தார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கிற்று.

"எப்போது வைத்தீர்கள்?"

"இன்று காலை ஒன்பது மணிக்கு."

"புதன்கிழமைக்குப் பிறகு."

"புதன்கிழமைக்குப் பிறகு."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. அவர் தாளின் மேல்வரியில் விரலை வைத்துக் காட்டினார். முதற்பறப்பு, விமானி, அதற்கு நேரே அவருடைய பெயர். என் கையெழுத்துக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. காலையில் நான் அதை வாசிக்கவேயில்லை.

"அந்தச் சலூன்காரருக்கு முதலில் கடிதத்தைக் கொடுங்கள்," என்றார். "அவர் காத்திருக்கிறார்."

கொடுத்தேன். கம்பனிக் கடிதத்தாளில், குறித்த புதன்கிழமை பின்னேரம் ஏற்பட்ட மீசை இழப்புக்கு எமது விமானமே முழுப் பொறுப்பு என்றும், திரு. செல்வராஜின் கைத்திறனில் எவ்விதக் குறையும் இல்லையென்றும் எழுதினேன். கப்டன் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். பாதி மீசைக்காரர் மூன்று முறை வாசித்துவிட்டு, செல்வராஜ் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இருவரும் மற்றப் பாதியையும் எடுக்கச் சலூனுக்குப் போனார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. கோட்காரர்கள் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார்கள், ஆனால் வேலையை எங்களிடமே விட்டார்கள். அது கப்டன் சொல்லித்தான் என்று பிறகு அறிந்தேன். திருத்தம் சின்னது. வெட்டியதை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் திருப்பிக் கொடுப்பது. அழுத்தம் ஒரு கணம் சரிந்தால் உடனே பற்றரியைச் சந்தேகிக்காமல் பொறுத்துப் பார்ப்பது. எழுத இரண்டு நாள், சரிபார்க்க ஐந்து மாதம். சரிபார்த்தது முழுக்கக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையை வைத்துத்தான், இந்த முறை அனுமதி வாங்கி, குறிப்புப் புத்தகத்தில் ஹாஜியாரின் பெயர் போட்டு. குகதாசன் சேர் ஒரு மாதம் என்னோடு வேலைக்கு வெளியே ஒன்றும் கதைக்கவில்லை. முதற்பறப்பு நாளில், கந்தோரில் திரையில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். விமானம் எழும்பிப் போய், சுற்றி, இறங்கியது. கப்டன் படியிறங்கி வந்து கையசைத்தார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். எல்லாரும் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை புறப்படும்போது கப்டன் பழைய தாளைக் கிழிக்கவில்லை, கோவையிலும் திருப்பி வைக்கவில்லை. நாலாக மடித்து என் கையில் தந்தார். "கோவைக்குள் போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள்," என்றார். அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. இப்போது என் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மீசைக் கடிதத்தைச் செல்வராஜ் அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து கோணிக் கிடக்கிறது, கடைசி எழுத்து வரியை விட்டே இறங்கிவிட்டது. கை அவ்வளவு நடுங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து இந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு மனிதரின் பெயருக்குக் கீழே, தெரிந்துகொண்டே பொய்யாக வைத்த கையெழுத்து. நேர்கோடு போல அழகாக இருக்கிறது. எந்த இடத்திலும் ஒரு நடுக்கம் இல்லை.